கடலுக்கு அடியால் போகும் குரல்
(லொபோத்தன் தீவுகளுக்கு ஒரு பயணம்)

நோர்வேயின் தேசப்படத்தை ஒருமுறை விரித்து வைத்துப் பாருங்கள். வடக்கே, துருவ வட்டத்துக்கும் மேலே, பெருநிலத்தை விட்டு விலகி மேற்குக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் தீவுக் கூட்டம் ஒன்று தெரியும். அதுதான் லொபோத்தன். யாழ்ப்பாணப் படத்தில் காரைநகர், வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று சிதறிக் கிடக்கும் தீவகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தப் படம் உடனே பிடித்துப்போகும். எனக்குப் பிடித்தது. நான் தீவகத்தில் பிறந்தவன்.

இப்போது வட நோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எனது படிப்பு க.பொ.த. சாதாரண தரத்துடன் நின்றுவிட்டது. ஆகவே பெரிய விஞ்ஞானக் கட்டுரை ஒன்றை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். கண்டதையும், கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் புதிதாக வந்திருக்கும் எமது குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் மனைவியையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு போடோ நகரிலிருந்து கப்பல் ஏறினேன். வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் கப்பல். வெஸ்ற்பியோர்ட் என்ற அகன்ற கடலைக் கடந்து மொஸ்கெனஸ் துறைமுகத்துக்குப் போக மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கிறது. தூரத்தில் முதலில் தெரிவது ஒரு கறுத்த மதில். கிட்டப் போகப் போக அது மலைகளாகப் பிரிகிறது. கடலிலிருந்து நேரே எழும்பி நிற்கும் மலைகள். அவற்றின் காலடியில், பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் கிடைத்த துண்டு நிலத்தில் சிவப்பு நிற மர வீடுகள்.

மொஸ்கெனஸிலிருந்து சிறிது தூரத்தில் பெருந்தெரு முடிந்துவிடுகிறது. அது முடியும் ஊரின் பெயர் ஒரே ஒரு எழுத்து. நோர்வேஜிய மொழியின் கடைசி எழுத்து. எமது உச்சரிப்பில் 'ஓ'. "அப்பா, இந்த ஊருக்குப் பேர் வைக்கப் பஞ்சிப்பட்டவையோ?" என்று மகள் கேட்டாள். அதற்குச் சற்று முன்னால் வருவது சோர்வோகன் என்ற மீன்பிடிக் கிராமம். நாங்கள் தேடிப் போனது அதைத்தான்.

மீனும் தந்தியும்

லொபோத்தன் கடலுக்கு ஒவ்வொரு ஆண்டும் தை தொடக்கம் சித்திரை வரை பாரென்ற்ஸ் கடலிலிருந்து கோட் மீன் முட்டையிட வருகிறது. எங்கள் தொழிற்சாலைகளில் கைவிரல் விறைக்க விறைக்க நாங்கள் வெட்டும் அதே மீன்தான். ஆயிரம் வருடங்களாக இந்த மக்கள் அதைப் பிடித்து, உப்புப் போடாமல், மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே காயவைக்கிறார்கள். நாங்கள் போனபோது பெரும்பாலான சட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஆனாலும் மணம் போகவில்லை. மனைவி மூக்கைப் பொத்தினா. எனக்கோ எங்கள் ஊர்க் கருவாட்டு வாடி நினைவுக்கு வந்தது.

1890களில் ஒரு பருவத்துக்கு 30,000க்கும் மேற்பட்ட மீனவர்கள் இங்கே கூடினார்கள். இயந்திரம் இல்லாத வள்ளங்கள், துடுப்பும் பாயும். மீன் கூட்டம் இன்று இந்தத் தீவுக்கு அருகில் நிற்கும். நாளை நாற்பது மைல் தள்ளி நிற்கும். எங்கே நிற்கிறது என்று ஆளுக்கு ஆள், வள்ளத்துக்கு வள்ளம் செய்தி போய்ச் சேரும்போது மீன் அங்கிருந்தும் போய்விடும். உப்பு, பீப்பாய், வாங்குகிற கப்பல் எல்லாம் ஓரிடத்தில் காத்திருக்க, மீன் வேறிடத்தில் கரையேறும். கடற்தொழில் செய்தவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் விளங்கும்.

நோர்வேயின் முதலாவது அரச தந்திச் சேவை 1855இல் தலைநகருக்கும் திராமன் நகருக்கும் இடையில் தொடங்கியது. ஆறே ஆண்டுகளில், 1861இல், தந்தி லொபோத்தனுக்கு வந்துவிட்டது. 170 கிலோமீற்றர் நீளமான கம்பி, ஒன்பது நிலையங்கள், அதன் மேற்குக் கோடியில் சோர்வோகன். அப்போது பெருநிலத்துடன் இணைப்பே இல்லை. தீவுகள் தங்களுக்குள் மட்டும் கதைத்துக்கொண்டன. தந்தி, வருடத்தில் சில மாதங்கள் மீன்பிடிக்கும் தீவுகளுக்கு ஏன் இவ்வளவு விரைவில் கிடைத்தது என்றால், செய்தி தாமதித்தால் நாட்டின் வருமானம் கடலோடு போய்விடும் என்பதை அரசாங்கம் உணர்ந்திருந்தது. தரையில் கம்பங்களில் போன கம்பி, தீவுக்கும் தீவுக்கும் நடுவில் தண்ணீருக்குள் இறங்கி அடுத்த கரையில் ஏறியது. சில ஆண்டுகளின் பின் இந்த வழி பெருநிலத்துடன் இணைக்கப்பட்டது. அதற்குப் பின் லொபோத்தனில் தட்டிய செய்தி ஐரோப்பா முழுவதும் போகக்கூடியதாயிற்று.

கம்பியைத் தண்ணீருக்குள் போட்டால் மின்சாரம் கடலில் கசிந்துவிடும் அல்லவா? அதைத் தடுக்க அந்தக் காலத்தில் பயன்பட்டது 'கட்டாபேர்ச்சா' என்ற மரப்பால். மலாயாக் காடுகளிலிருந்து வந்தது. செப்புக் கம்பியைச் சுற்றி அந்தப் பாலைப் பூசி, அதற்கு மேல் இரும்புக் கம்பிகளை முறுக்கிக் கவசமாகப் போடுவார்கள். வட துருவக் கடலின் மீனவனுக்குச் செய்தி போனது எங்கள் பக்கத்து நாட்டு மரத்தின் பாலால் என்று நினைக்க எனக்குச் சந்தோசமாக இருந்தது. எங்கள் நாடும் இதில் பின்னுக்கு நிற்கவில்லை. இலங்கையில் தந்தி தொடங்கிய 1858ஆம் ஆண்டிலேயே மன்னார்க் கடலைத் தாண்டி இந்தியாவுடன் இணைப்பு ஏற்படுத்தப்பட்டது. அதே ஆண்டில் அத்லாந்திக் சமுத்திரத்தின் அடியில் போட்ட முதலாவது கேபிள் மூன்று வாரம்கூட ஒழுங்காக வேலை செய்யவில்லை. 1866இல்தான் அது நிலையாகக் கைகூடியது.

கேபிள் போகாத தீவு

சோர்வோகனில் பழைய தந்தி நிலையம் இப்போது ஒரு சிறிய தொலைத்தொடர்பு நூதனசாலை. மோர்ஸ் தட்டும் கருவிகள், பழைய ரெலிபோன்கள், கம்பித் துண்டுகள். பெரிய நகரத்து நூதனசாலைகளைப் போல ஆடம்பரம் கிடையாது. மகள் தட்டுக் கருவியில் தன் பெயரைத் தட்டிப் பார்க்க அரை மணித்தியாலம் செலவழித்தாள்.

சோர்வோகனிலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீற்றர் தூரத்தில், கடல் நடுவில், றொஸ்ற் என்ற தீவு இருக்கிறது. நெடுந்தீவைப் போலத் தட்டையான தீவு. இன்று ஏறக்குறைய ஐந்நூறு பேர் வாழ்கிறார்கள். 1432இல் வெனிஸ் நகரத்துக் கப்பல் தலைவன் பியெத்ரோ குவெரினியும் அவனது ஆட்களும் கப்பல் உடைந்து இந்தத் தீவுகளில் ஒதுங்கினார்கள். றொஸ்ற் மக்கள் அவர்களை வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டுக் காப்பாற்றினார்கள். அன்றைய அகதிகள் என்று சொல்லலாம். அந்த உறவு வீண்போகவில்லை. லொபோத்தன் காய்ந்த மீனை இன்றும் அதிகம் விரும்பி வாங்குவது இத்தாலிதான்.

சோர்வோகனுக்கும் றொஸ்றுக்கும் நடுவில் மொஸ்க் நீரோட்டம் இருக்கிறது. கடல் ஏறும்போதும் வற்றும்போதும் தீவுகளின் இடுக்கால் தண்ணீர் பாய்ந்து சுழிகளை உண்டாக்கும். 1539இல் வரையப்பட்ட பழைய கடற்படத்திலேயே இந்தச் சுழியைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். அப்படியான இடத்தில், சில நூறு பேருக்காக, பாறைக் கடலுக்குள் கேபிள் இறக்குவது இலேசான காரியமும் அல்ல, மலிவான காரியமும் அல்ல. ஆகவே 1906இல் சோர்வோகனுக்கும் றொஸ்றுக்கும் இடையில் கம்பியில்லாத் தந்தி தொடங்கினார்கள். வட ஐரோப்பாவில் இது முதலாவது. கடைசி வீட்டுக்கும் செய்தி போக வேண்டும் என்று ஒரு நாடு நினைத்தால் அதற்கு ஒரு வழி பிறக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

இதைக் கேட்டபோது எனது மனம் வேறெங்கோ போய்விட்டது. 1990க்குப் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ரெலிபோன் இல்லை. வெளிநாட்டிலிருந்த பிள்ளையுடன் ஒரு வார்த்தை கதைப்பதற்காகத் தாய்மார் கிளாலியால் வள்ளம் ஏறி, வவுனியா தாண்டி, கொழும்பு லொட்ஜ்களில் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். இங்கே இருப்பவர்களில் மூத்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். எங்கள் தீவுகளுக்குக் கம்பி போகாததற்குக் காரணம் நீரோட்டம் அல்ல.

2009இல் நான் வன்னியில் இருந்தேன். அண்ணர் அதற்கு முன்பே நோர்வேக்கு வந்துவிட்டார். மாசி மாதத்துக்குப் பிறகு எங்களைப் பற்றி அவருக்கு எந்தத் தகவலும் இல்லை. ஆனியில் செட்டிகுளம் முகாமில் இன்னொருவருடைய கைத்தொலைபேசியில் எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. "அண்ணை, நான்தான்" என்றேன். மறுபக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு மெதுவாக, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். "அம்மாவும் நானும் இருக்கிறம், ஐயா இல்லை" என்று சொல்லி முடிக்க நேரம் சரியாக இருந்தது. ஒரு கேபிளுக்கு என்ன விலை என்று யாரும் கேட்டால், அந்த இரண்டு நிமிடத்தின் விலைதான் எனக்குத் தெரியும்.

இன்றைய கேபிள்

இப்போது எல்லாமே வானத்துச் செய்மதியால்தான் வருகிறது என்று எங்களில் அநேகர் நினைக்கிறோம். அது சரியல்ல. கண்டத்துக்குக் கண்டம் போகும் செய்திகளில் மிகப் பெரும் பங்கு, நூற்றுக்கு 95க்கும் மேல், கடலடிக் கேபிள்களால்தான் போகிறது. உள்ளே தலைமயிர் அளவான கண்ணாடி இழைகள். அவற்றுக்குள் ஒளி ஓடுகிறது. ஆழ்கடலில் கிடக்கும் கேபிள் எங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமன்தான். கரைக்கு அண்மையில் நங்கூரமும் வலையும் படக்கூடிய இடத்தில்தான் இரும்புக் கவசம் போட்டுத் தடிப்பாக்குகிறார்கள். முடிந்த இடத்தில் மண்ணுக்குள் புதைத்தும் விடுகிறார்கள்.

"அப்ப, அப்பம்மாவின்ரை குரல் கடலுக்குள்ளாலையோ வருது? நனையாதோ?" என்று மகள் கேட்டாள். நனையாது பிள்ளை என்று சொன்னேன். இலங்கையிலிருந்து தென்னிந்தியா, அரபுக்கடல், செங்கடல், மத்தியதரைக் கடல் என்று ஐரோப்பாவுக்கு வரும் கேபிள்கள் உண்டு. கொழும்பில் 2005இல் கரையேறிய ஒரு கேபிள் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை 18,000 கிலோமீற்றருக்கு மேல் நீளமானது. 2006இல் தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையில் இன்னொன்று போடப்பட்டது. கண்ணாடிக்குள் ஒளி ஒரு செக்கனில் இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடும். அம்மா "தம்பி" என்று கூப்பிட்டால், ஒரு செக்கனில் பத்திலொரு பங்குக்குள் அந்த ஒளி இவ்வளவு கடலையும் தாண்டி வந்துவிடும்.

ஆனால் இந்தக் கேபிள் அறுவதும் உண்டு. உலகம் முழுவதும் ஒரு வருடத்தில் 150க்கும் 200க்கும் இடையில் பழுதுகள் ஏற்படுகின்றன. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடி வலைகளும் கப்பல் நங்கூரங்களும். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவை வலைகளின் பாரமான பலகைகள் கேபிளில் சிக்கினால் அது நசியும், அல்லது அறும். எங்களுக்கு வேலை தரும் மீனும் எங்கள் குரலைக் கொண்டுபோகும் கேபிளும் ஒரே கடலடியில்தான் கிடக்கின்றன.

பெரிய நாட்டில் ஒரு கேபிள் அறுந்தால் செய்தி வேறு பாதையால் சுற்றிப் போகும்; எங்களுக்குத் தெரியவும் வராது. சிறிய தீவின் கதை வேறு. 2022ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு தை 15இல் பசிபிக் கடலில் தொங்கா தீவுகளுக்கு அருகே கடலடி எரிமலை வெடித்தது. பிஜியிலிருந்து வரும் 827 கிலோமீற்றர் கேபிள் அறுந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் மக்கள். நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்த அவர்களது உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் நாட்கணக்கில் தவித்தார்கள். அந்தத் தவிப்பை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பிரதான கேபிளைச் சரிசெய்ய ஐந்து கிழமை பிடித்தது. அந்நாட்டின் வெளித்தீவுகளுக்குப் போகும் கேபிளைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கும் மேலாகிவிட்டது.

அதே ஆண்டு ஒக்ரோபர் 20இல் ஸ்கொட்லாந்தின் ஷெற்லாந்து தீவுகளில் ரெலிபோனும் இணையமும் படுத்துவிட்டன. சுமார் 23,000 மக்கள் வாழும் இடம். வடக்கே பாரோ தீவுகளுக்குப் போகும் கேபிள் ஏற்கெனவே பழுது; தெற்கே பெருநிலத்துக்கு வரும் கேபிளும் பழுதானது. கடைகளில் அட்டையால் காசு கட்ட முடியவில்லை. அவசரமென்றால் மக்கள் நேரில் வந்து சொல்லட்டும் என்று பொலிசார் வீதிகளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

நோர்வேயின் வடகோடியிலுள்ள ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு 2004 தொடக்கம் இரண்டு கேபிள்கள் வேலை செய்கின்றன. 2022 தை 7இல் ஒன்று பழுதடைந்தது. மற்றது தாங்கிக்கொண்டதால் அங்குள்ள மக்களுக்குத் தொடர்பு அறவில்லை. தொங்காவுக்கு வெளியுலகத்துடன் இருந்தது ஒன்று; ஸ்வால்பார்ட்டுக்கு இருந்தது இரண்டு. வித்தியாசம் அவ்வளவுதான்.

திருத்துவது எப்படி? கரையிலிருந்து ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு எத்தனையாவது கிலோமீற்றரில் முறிந்திருக்கிறது என்று கணிக்கிறார்கள். அதற்கென்றே உள்ள கப்பல் அங்கே போய்க் கொளுக்கியை இறக்கி, அறுந்த முனையைத் தூக்கி, மிதவையில் கட்டிவிட்டு மற்ற முனையைத் தேடும். பிறகு இடையில் புதுத் துண்டு வைத்து, இழை இழையாக உருக்கி ஒட்டுவார்கள். கடல் கொந்தளித்தால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலையில் பொத்தல் விழுந்தால் எங்கள் ஆட்கள் கரையிலிருந்து கண் கண்ணாகப் பொத்துவார்களே, அதே பொறுமைதான்.

புதிதாக வந்தவர்களுக்கு

எமது குடும்பங்களில் பல, வடக்குக் கரையோரச் சிற்றூர்களில்தான் இருக்கின்றன. 1980களிலிருந்தே எங்கள் ஆட்களை இந்த மீன் தொழிற்சாலைகள்தான் வேலைக்கு எடுத்தன. இப்படியான ஊர்களில் புயலாலோ கேபிள் பழுதாலோ தொடர்பு அறுவது நடக்கக்கூடியது. அப்படி நடக்கும்போது எங்களுக்கு முதலில் வருவது பழைய பயம். "ஏதோ நடக்கப்போகுது" என்று நெஞ்சு அடிக்கும். எனது மனைவி உடனே பிள்ளையின் உடுப்புகளை ஒரு பையில் அடுக்கத் தொடங்கிவிடுவா. அதைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வராது. ஆனால் இங்கே கம்பி அறுந்தால் அது கம்பி அறுந்ததுதான். யாரும் அறுத்துவிட்டு வாசலுக்கு வரப்போவதில்லை. அதைத் திருத்த ஒரு கப்பல் புறப்படும்.

இருந்தாலும் ஆயத்தமாக இருப்பது நல்லது. 2024இல் நோர்வே அரசாங்கம் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு அனுப்பியது. ஒரு கிழமைக்குத் தேவையான தண்ணீரும் சாப்பாடும் மருந்தும் வீட்டில் வைத்திருக்கும்படி அதில் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் கைக்காசும் வைத்திருங்கள். அட்டை வேலை செய்யாத நாளில் அதுதான் உதவும். பற்றரியில் இயங்கும் றேடியோ ஒன்று அவசியம். 2017இல் இங்கே நாடளாவிய பழைய எப்.எம். ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள், ஆகவே டாப் முறையில் வேலை செய்யும் றேடியோவாகப் பார்த்து வாங்குங்கள். அவசர வேளையில் அரச வானொலியின் முதலாவது அலைவரிசையில் அறிவித்தல் வரும். தீயணைப்புக்கு 110, பொலிசுக்கு 112, அம்புலன்சுக்கு 113. உங்கள் கைத்தொலைபேசிக் கம்பனியின் கோபுரம் வேலை செய்யாவிட்டாலும் வேறு கம்பனியின் கோபுரம் இருந்தால் 112க்கு அழைக்கலாம். எல்லாமே நின்றுவிட்டால், தீயணைப்பு நிலையமோ கொம்யூன் கட்டிடமோ எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். பக்கத்து வீட்டு நோர்வேஜியக் கிழவரின் கதவைத் தட்டவும் தயங்க வேண்டாம். இந்த ஊர்களின் பழைய ஆட்களுக்குத் தொடர்பில்லாத காலம் எப்படி இருந்தது என்று தெரியும்.

ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "இரண்டு மூன்று நாள் எங்கடை கோல் வராவிட்டால் பயப்பட வேண்டாம், இங்கை புயலாக இருக்கும்." எனது அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு, "அது சரி, மூண்டாம் நாள் எடுத்துப்போடு" என்றா.

லொபோத்தன் போக விரும்புகிறவர்கள் கோடையில் போங்கள். நூதனசாலை திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போனால் செலவு குறையும்; கடைச் சாப்பாடு அங்கே ஆனை விலை. மழைச் சட்டையை மறக்க வேண்டாம். கப்பலில் மேல்தட்டுக்கு ஏறி, பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுங்கள். அவர்கள் மலையையும் பறவையையும் பார்ப்பார்கள். இப்படியான கடல்களின் அடியால்தான் ஊரிலிருந்து அப்பம்மாவும் அம்மம்மாவும் கதைக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.